செவ்வாய்க்கிழமை சரிவந்தது

மருதானையில், பழைய புத்தகக் கடையில்
கேக் ஐசிங்குக்கும் கணக்கியலுக்கும் நடுவில் கிடந்தது.
நானூற்றைம்பது ரூபா. முன்னட்டை பாதி இல்லை.
கடைக்காரர் புரட்டிப் பார்த்து,
"டொக்டருக்குப் படிக்கிறீங்களோ?" என்றார்.
இல்லை, அப்பாவுக்குப் படிக்கிறேன்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வீட்டில் ஏற்கெனவே மூன்று.
மச்சான் டொரொன்டோவிலிருந்து அனுப்பியதுதான் மொத்தமானது.
அதில் எல்லா வீட்டிலும் ஓர் அமைதியான அறை உண்டு,
அறை மூலையில் ஊஞ்சல்.
எங்களுடையது கொட்டாஞ்சேனையில் ஒன்றரை அறை.
அந்த அரையில் மெரினின் தையல் மெஷின்.
கீழே மிளகாய் மில். பின்னால் கோயில் மணி.
முன்னால் மாதாவுக்கு நவநாள், ஒலிபெருக்கியோடு.
அமைதிக்கென்று கட்டிலுக்கடியில்
ஒரு போர்வை விரித்து வைத்திருக்கிறோம்.
சிலவேளை அதில் நான்தான் படுத்திருப்பேன்.

தமிழில் இருப்பது கிளினிக்கில் தந்த துண்டுப்பிரசுரம்.
நாலு பக்கம், ஒன்பது எழுத்துப் பிழை.
பொறுமை வரவேண்டிய இடத்தில்
"பெற்றோருக்கு முதலில் வேண்டியது பெருமை" என்றிருந்தது.
பேனையை எடுத்தேன். மெரின் கையைத் தட்டிவிட்டாள்.
அது அப்படியே பிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறது.

மருதானைப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில்.
சிங்களம்.
எனக்குச் சிங்களம் வாயில் ஓடும், கண்ணில் ஓடாது.
துறைமுகத்தில் பத்தொன்பது வருஷம் பேசியிருக்கிறேன்,
ஓர் எழுத்துக் கூட்டத் தெரியாது.
ஜொவிட்டா நேர்மாறு.
மூன்று மொழியிலும் பஸ் பலகை பார்த்துக் கை காட்டுவாள்,
வாயில் ஒரு சொல் இல்லை.

பக்கத்து வீட்டு பஸீனா வாசித்துச் சொன்னா.
பக்கம் பதினெட்டு: "பொய்."
பக்கம் நாற்பது: "யாரிடம் இருக்கிறது இவ்வளவு நேரம்?"
அறுபத்திரண்டில் ஒரு சாமான் துண்டு:
பருப்பு, சவர்க்காரம், வேன்காரனுக்கு மிச்சக் காசு.
எழுபத்தொன்றில்,
பிள்ளை செய்வதை நீங்களும் கூடச் செய்யுங்கள்
என்ற வரிக்குப் பக்கத்தில்:
"செய்தேன். செவ்வாய்க்கிழமை சரிவந்தது."

அதற்குப் பிறகு ஒரு கோடும் இல்லை.
பஸீனா கடைசித் தாள்வரை புரட்டினா.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

எழுதியது அம்மாவா அப்பாவா, அதுகூடத் தெரியாது.
ஏன் விற்றார்கள்?
பிள்ளை தேறியா? புத்தகம் அலுத்தா?
மூன்றாவது காரணத்தை நான் நினைக்கவில்லை.
மெரினும் நினைக்கவில்லை.
நினைக்கவில்லை என்று இரண்டு பேரும்
ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஜொவிட்டா காகிதம் கிழிப்பாள்.
பத்திரிகைத் தாள் பிடிக்காது, அது முனகும்.
இந்தப் புத்தகத்தின் தாள் தடிப்பு,
ஒரே சீராய், நீளமாய், சர்ரென்று போகும்.
ஒரு மத்தியானம் மூன்றாம் அத்தியாயம் போனது.
நாலாவதில் நான் பறிக்கப் போனேன்.
பறிக்கவில்லை.
பக்கத்தில் குந்தி
ஒரு தாளை நானும் கிழித்தேன்.

என் கிழிசல் கோணல்.
அவள் நிறுத்தினாள். பார்த்தாள்,
என் முகத்தை அல்ல, தாளை.
அதை என் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்துத் தடவி,
ஒரு விரல் நீளம் நேராய்க் கிழித்து
மிச்சத்தை எனக்கு விட்டுத் தந்தாள்.

எழுபத்தோராம் பக்கத்தை முன்பே வெட்டியெடுத்து
பெருமைக்குப் பக்கத்தில் பிரிஜ்ஜில் ஒட்டியிருந்தோம்.
அன்றிரவு, அந்தப் பென்சிலுக்குக் கீழே
தமிழில் எழுதினேன்:
"எங்களுக்கு வியாழன்.
உங்களுக்குப் புதன்கிழமை எப்படிப் போனது?"